கை அட்டை

அக்காவுக்குத் தலை எண்ணுகிற வியாதி உண்டு. பால் காய்ச்சினாலும் சரி, துணி மடித்தாலும் சரி, வாசலில் நின்று யாரோடாவது பேசினாலும் சரி, கண் மட்டும் வீட்டுக்குள்ளே ஒரு சுற்றுப் போய் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று முடித்துவிட்டுத்தான் திரும்பும். பதினோரு வருஷப் பழக்கம். பேருந்தில் ஏறினால் அடுத்தவர் பிள்ளைகளையும் எண்ணுவாள். "அப்படியே டிக்கெட்டும் கிழிச்சுக் குடுத்துடு" என்று கணவர் கிண்டல் செய்வார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவருக்கென்ன? லிஃப்ட் நின்றால் நின்ற இடத்தில் நிற்கும். பிள்ளைகள் அப்படி நிற்குமா?

அவள் ஒன்றும் திட்டம் போட்டு இந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கடையை இழுத்து மூடிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தில் மாடி வீட்டுப் பெண், "ரெண்டே ரெண்டு மணி நேரம் பாத்துக்கோங்கக்கா, ஓடி வந்துடுறேன்" என்று கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த இரண்டு மணி நேரம் இன்னும் முடியவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, முன்னறையில் இருந்த சோபா போய்ப் பாய் வந்து, சுவரில் கல்யாணப் படம் இருந்த இடத்தில் உரிமச் சான்றிதழ் ஏறிவிட்டது. வீட்டில் ஐந்து பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்ளலாம் என்று குழந்தைகள் நல அலுவலகம் கொடுத்த காகிதம் அது. பெற்றவர்கள் அவளை அக்கா என்றார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த பால்காரரும் அக்கா என்றார். கடைசியில் கணவரே ஒருநாள் வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது இருக்கிற ஐந்து பேரில் இரண்டு பேர் இரட்டையர்கள். ஒருத்தி அழுதால் இன்னொருத்தி காரணம் கேட்காமல் கூடவே அழுவாள். மூன்றாவது, மூன்று வயதுக் கடிமன்னன். பேனா, செருப்பு, மனிதர் என்ற பேதம் பார்க்காமல் கடிப்பான். நான்காவது எட்டு மாதக் கைக்குழந்தை. ஐந்தாவதுதான் சிட்டு.

சிட்டுவுக்கு நான்கு வயது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை பார்ப்பவள். எட்டு மாதத்துக்கு முன்னால் மகளை ஒரு கையிலும் தடித்த ஃபைல் ஒன்றை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "பேசமாட்டாக்கா. கூப்பிட்டா திரும்பமாட்டா. சத்தம் ஆகாது. எது மாறினாலும் அழுவா." மூச்சு விடாமல் குறைகளையெல்லாம் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்கிறவள்போல, "ஆனா நல்ல பொண்ணுக்கா" என்றாள். ஃபைலில் டாக்டர் கடிதம் ஒன்று, பிள்ளைகள் காப்பகங்கள் கொடுத்த கடிதம் மூன்று. மூன்றும் ஒரே பாட்டு: குழந்தைக்குச் சொன்னால் புரியவில்லை, எங்களால் வைத்துக்கொள்ள இயலாது. அக்கா அந்தக் கடிதங்களைப் படித்தாள். பயந்தாள். பயந்துகொண்டே சரி என்றாள். அவள் சரி என்று சொன்ன எல்லாக் காரியமும் பயந்துகொண்டே சொன்னதுதான்.

முதல் மாதம் நரகம். விளையாட்டிலிருந்து சாப்பாட்டுக்கு எழுப்பினால் அலறல், சாப்பாட்டிலிருந்து கை கழுவக் கூட்டிப்போனால் அலறல், சுவரில் மண்டையை முட்டுவாள். இரட்டையர் சேர்ந்துகொள்வார்கள், கைக்குழந்தை விழித்துக்கொள்ளும். 'நாளைக்குச் சொல்லிடணும், என்னால முடியாதுன்னு' என்று தினமும் சாயங்காலம் முடிவு செய்வாள். மறுநாள் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் வராது.

சிட்டுவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர்தான் வழி சொன்னார். "அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு அவளுக்குத் தெரியலம்மா. கண்ணைக் கட்டி உங்களை ஒருத்தர் இழுத்துக்கிட்டுப் போனா நீங்க கத்தமாட்டீங்களா? வாயால சொல்றது அவகிட்ட நிக்காது. படமாக் காட்டுங்க." அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அடுத்து என்ன ஆகுமோ என்கிற பயம் அவளுக்குத் தெரியாததா? அதோடுதானே குடும்பமே நடத்துகிறாள்!

புத்தகத்துப் படம் செல்லாது. இந்த வீட்டுத் தட்டு, இந்த வீட்டுக் குழாய், இந்த வீட்டுப் பாய் என்று ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து லேமினேஷன் போட்டு வாங்கினாள். சுவரில், சிட்டுவின் கைக்கு எட்டுகிற உயரத்தில், நைலான் கயிறு கட்டினாள். அதில் துணி மாட்டுகிற கிளிப்பால் அன்றைய நாளை வரிசையாகத் தொங்கவிடுவாள். ஒரு காரியம் முடிந்தால் சிட்டு அந்த அட்டையைப் பிடுங்கி, கீழே இருக்கும் காலி பிஸ்கட் டப்பாவில் போடுவாள். டங் என்று சத்தம் வரும். பிறகு அடுத்த அட்டையைப் பார்ப்பாள். மூன்றாவது வாரத்தில் அலறல் பாதியானது. இரண்டாவது மாதத்தில் ஜெராக்ஸ் கடைக்காரரே, "என்னக்கா, சத்தமே காணோம், ஊருக்குப் போயிட்டீங்களா?" என்று விசாரித்தார்.

இதில் வெளியே போகிற வேலைக்கு நான்கு அட்டை. ஷூ. கை. கேட். ஊஞ்சல். ஷூவைப் போட்டுக்கொள், அக்காவின் கையைப் பிடி, கேட்டைத் தாண்டு, பூங்காவில் ஊஞ்சல் ஆடு. கை அட்டையில் இருப்பது அக்காவின் கைக்குள் சிட்டுவின் கை. கணவர் எடுத்த படம். மூலையில் அவருடைய கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருக்கும். அட்டைகளிலேயே சிட்டுவுக்குப் பிடித்தது அதுதான். பிடித்ததால் மெல்லுவாள். மற்ற அட்டைகள் புதுப் பெண்கள் மாதிரி பளபளவென்று இருக்க, கை அட்டை மட்டும் நாலு மூலையும் கடிபட்டு, பிளாஸ்டிக் உரிந்து, பால் கறையோடு தொங்கும். ஆனால் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டி, கையைப் பிடித்துக்கொள்ளாமல் அவள் ஒருநாளும் வாசலைத் தாண்டியதில்லை.

இப்படியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சிட்டுவைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள அக்கா முறையாக அனுமதி கேட்டிருந்தாள். அரைநாள் உதவிக்கு ஓர் ஆளும் கேட்டிருந்தாள். அதிகாரி நேரில் வந்து, இந்த வீடு அப்படிப்பட்ட குழந்தைக்கு ஏற்றதுதானா என்று பார்த்து எழுதுவார். ஏற்றது என்று எழுதினால் சிட்டு இங்கேயே இருப்பாள். இல்லை என்று எழுதினால், அரசாங்கச் சிறப்பு மையத்தில் இடம் கிடைக்க ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும்; அதுவரை அவள் அம்மா வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். "இது போச்சுன்னா எனக்கு வேற போக்கிடம் இல்லக்கா" என்று அவள் சொன்னது அக்காவின் காதிலேயே நின்றது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அக்காவின் மடியில் எப்போதும் ஒரு பிள்ளையாவது உட்கார்ந்திருக்கும். பயத்துக்குக் கேட்கவா வேண்டும்.

அதிகாரி வருகிற அன்று காலை கணவர் கிளம்பும்போதே அக்கா தரையை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தரை தேஞ்சிடப் போகுது."

"நீங்க கிளம்புங்க. உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"பதறாத. எட்டு மாசமா பண்றதை இன்னைக்கும் பண்ணு, அவ்வளவுதான்."

அவர் சொன்னபடி கேட்டிருக்கலாம். எட்டு மாதமாகச் செய்ததை அன்றும் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் விருந்தாளி வருகிற வீட்டில் யாராவது தினம் புழங்குகிற பாத்திரத்தை வெளியே வைப்பார்களா? அக்கா மருந்துப் பெட்டியைத் துடைத்தாள், பொம்மைகளைக் கழுவினாள், பிறகு கயிற்றுப் பக்கம் வந்தாள். அட்டைகளைப் பெரிய அதிகாரி பார்வையில் பார்த்தாள். பழம், ஷூ, கேட், ஊஞ்சல் எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன. நடுவில் கை அட்டை, நாய் கடித்த செருப்புப்போல. சுகாதாரம் என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். இதைப் பார்த்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்? புதிதாக அச்சடிக்கலாம் என்றால் ஜெராக்ஸ் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். அட்டையைக் கழற்றி அடுப்படி இழுப்பறையில் போட்டாள். மற்றவற்றை நெருக்கி மாட்டி இடைவெளியை மூடினாள். அட்டை இல்லாவிட்டால் என்ன, கை என்னிடம்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு, சரியாகப் பத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும் அம்மாள். மூக்குக் கண்ணாடி, தோளில் பை, கையில் ஃபைல். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒரு கையால் அடையாள அட்டையைக் காட்டி, மறு கையால் செருப்பைக் கழற்றினார். அக்கா பையை வாங்கினாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், இடுப்பிலிருந்த கைக்குழந்தையைப் பாயில் விட்டாள். யார் உள்ளே வந்தாலும் திரும்பி நின்று மேல் தாழ்ப்பாளைப் போடுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. அன்று அந்த மூச்சை விட மறந்துவிட்டாள்.

அதிகாரி பதிவேடு பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். சிட்டு சுவர் ஓரமாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். கடிமன்னன் அதிகாரியின் பையை முகர்ந்துகொண்டிருந்தான்.

"மருந்துப் பெட்டி எங்க வச்சிருக்கீங்க?"

"உள்ள இருக்கு மேடம், அடுப்படியில, எட்டாத உயரத்துல."

இருவரும் அடுப்படிக்குப் போனார்கள். மருந்துகளின் தேதியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார் அதிகாரி. அப்போது முன்னறையில் டங் என்று சத்தம் கேட்டது.

"என்ன அது?"

"சிட்டு மேடம். ஒரு வேலை முடிஞ்சா அட்டையை டப்பால போடுவா. பழம் சாப்பிட்டு முடிச்சுட்டா." அக்காவின் குரலில் பெருமை வழிந்தது. அதிகாரி முதல்முறையாகத் தலையை ஆட்டி எதையோ எழுதிக்கொண்டார். கேஸ் குழாய், அடுப்பு மறைப்பு, கத்தி வைக்கிற இடம் எல்லாம் பார்த்தார். மறுபடி ஒரு டங். அக்காவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சரியான நேரத்தில் சமர்த்தாக இருக்கிறாளே என் தங்கம் என்று நினைத்தாள்.

முன்னறைக்குத் திரும்பினார்கள். அக்காவின் கண் வழக்கம்போல ஒரு சுற்றுப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

மறுபடி எண்ணினாள். நான்குதான்.

குளியலறைக் கதவைத் தள்ளினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். திரைக்குப் பின்னால் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்று தெரிந்தும் கூப்பிட்டாள். வாசல் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. வாசலில் அதிகாரியின் செருப்பு இருந்தது. சிட்டுவின் ஷூ இல்லை.

அதிகாரி ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. கண் தானாகக் கயிற்றுக்குப் போனது. பழ அட்டை இருந்த கிளிப் காலி. ஷூ அட்டை இருந்த கிளிப் காலி. இரண்டும் டப்பாவில் கிடந்தன. கேட் அட்டையும் ஊஞ்சல் அட்டையும் இல்லவே இல்லை. கிளிப்புகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. பழம் தின்றாகிவிட்டது, ஷூ போட்டாகிவிட்டது. அடுத்தது என்ன? கேட். அதற்கடுத்தது ஊஞ்சல். நடுவில் வேறு எதுவும் இல்லை.

"மேடம், இந்த நாலு பேரையும் பாத்துக்கோங்க!" கைக்குழந்தையைத் தூக்கி அதிகாரியின் கையில் திணித்தாள். சோதனை போட வந்த அம்மாள் திகைத்து நிற்க, அக்கா வெறுங்காலோடு ஓடினாள்.

பூங்காவுக்கு இரண்டு தெரு. இரண்டு தெருவுக்கும் நடுவே பெரிய ரோடு. தண்ணீர் லாரியும் ஜல்லி லாரியும் பேயாகப் போகிற ரோடு. ஜெராக்ஸ் கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"சிட்டுவைப் பாத்தீங்களா?"

"இப்பதான் போச்சுக்கா. ஷூவைக் கால் மாத்திப் போட்டிருந்துச்சு. நீங்க பின்னாலயே வர்றீங்கன்னு நெனச்சேன்…" அவர் முகமும் மாறியது.

அக்கா ரோட்டை நெருங்கினாள். கூட்டம் கூடியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். வண்டி எதுவும் நின்றிருக்கிறதா, ரோட்டில் சின்ன ஷூ ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தாள். அப்படிப் பார்க்க வைத்த கண்ணைப் பிடுங்கிப் போடலாம்போல இருந்தது. ஒன்றும் இல்லை. லாரிகள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. யார் வண்டி எந்த நேரத்தில் நின்று அந்தப் பிள்ளையைக் கடக்க விட்டது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அந்தக் காலில் விழுவாள்.

சிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். ஆடவில்லை. தள்ளிவிட ஆள் இல்லாததால் சும்மா உட்கார்ந்து, கேட் அட்டையையும் ஊஞ்சல் அட்டையையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பூங்காவில் வேறு ஈ காக்கை இல்லை.

போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் அக்கா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாரி அணைத்துக்கொள்ளத்தான் கை பரபரத்தது. திடீரென்று அணைத்தால் சிட்டுவுக்கு ஆகாது. அதனால் ஷூவைக் கழற்றி, கால் மாற்றி, சரியாகப் போட்டுவிட்டாள். பட்டையை ஒட்ட மூன்று தடவை ஆயிற்று. சிட்டு அவளைப் பார்க்காமல், ஊஞ்சல் அட்டையை எடுத்து நீட்டினாள். தள்ளு என்று அர்த்தம். பத்துத் தடவை தள்ளினால்தான் ஊஞ்சல் முடியும். முடியாமல் இறக்கினால் அலறல் ரோடு முழுக்கக் கேட்கும். அங்கே ஒரு அரசாங்க அதிகாரி நாலு பிள்ளைகளோடு தனியாக மாட்டிக்கொண்டிருக்க, அக்கா இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பத்துத் தடவை ஊஞ்சல் தள்ளினாள். அவள் வாழ்க்கையில் எண்ணியதிலேயே நீளமான பத்து அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது அதிகாரியின் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. இரட்டையர் ஆளுக்கு ஒரு முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஃபைலின் மூலையில் கடிமன்னனின் பல் நேர்த்தியாகப் பதிந்திருந்தது. அதிகாரியின் முகத்திலும் வியர்வை. சிட்டுவைப் பார்த்ததும், "அப்பாடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

எல்லாரும் அடங்க அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"இந்தப் பொண்ணுக்கு ஓடிப்போற பழக்கம் இருக்கு, இல்லையா?"

அக்கா சிட்டுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்க சிலது அப்படித்தான்மா. திடீர்னு கிளம்பிடுங்க. நீங்க பயப்படாதீங்க. உடனே ஓடிப்போய்க் கண்டுபிடிச்சுட்டீங்க, அதையும் எழுதுறேன். உங்க உரிமத்துக்கு ஒண்ணும் வராது. ஆனா பிள்ளைக்குப் பூட்டு போட்ட இடம்தான் சரின்னு எழுதவேண்டியிருக்கும்."

பேச்சில் இரக்கம் இருந்தது. அதுதான் கொடுமை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பதினோரு வருஷப் பிழைப்பு தப்பிக்கும். கை அட்டை என்று ஒன்று இருந்தது இந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்த இன்னொருத்தி வாய் திறந்து சொல்லப்போவதில்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது இதுதானா? சிட்டுவின் ஃபைலில் நாலாவது கடிதம் ஏறும்: ஓடிப்போகிற பிள்ளை. அதற்குப் பிறகு எந்தக் கதவு திறக்கும்? அந்த வாயில்லாப் பூச்சி சுவரோரம் உட்கார்ந்து, கேட் அட்டையையும் ஊஞ்சல் அட்டையையும் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தது. டங். டங். வேலை முடிந்தது.

அக்கா எழுந்து போய் அடுப்படி இழுப்பறையைத் திறந்தாள். கடிபட்ட அட்டையைக் கொண்டுவந்து ஃபைல்மேல் வைத்தாள்.

"அவ ஓடல மேடம். நான்தான் அனுப்பினேன்."

அதிகாரிக்குப் புரியவில்லை. அக்கா கயிற்றின் பக்கத்தில் நின்று, ஷூ, கை, கேட், ஊஞ்சல் என்று வரிசையைச் சொன்னாள். "இது அசிங்கமா இருக்கு, நீங்க பாத்தா என்ன நினைப்பீங்களோன்னு காலையில நான்தான் கழட்டி வச்சேன். கைன்னு இருந்தா கையைப் பிடிக்காமப் போகமாட்டா. இன்னைக்குக் கை இல்ல. ஷூ போடு, கேட்டைத் தாண்டு, ஊஞ்சலுக்குப் போன்னு நான் மாட்டியிருக்கேன். அவ அதைத்தான் செஞ்சா. தாழ்ப்பாளும் நான் போடல. அதையும் எழுதிக்கோங்க."

"கடைசியா உள்ள வந்தது நான்."

"உங்களுக்குத் தெரியாது மேடம். எனக்குத் தெரியும்."

அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையிலிருந்த கட்டைவிரலையும் பார்த்தார். "இப்படி எழுதினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

அவர் முதலில் எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். ரொம்ப நேரம் எழுதினார். பெற்றவர்களிடம் இன்றே கொடுக்கவேண்டும் என்று ஒரு பிரதியைக் கொடுத்தார். அக்காவுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. ஒரு மாதம் சிட்டு இங்கேயே இருக்கலாம். அதற்குள் மறுபடி வந்து பார்த்துவிட்டுத்தான் உரிமத்தைப் பற்றி முடிவு. "சொல்லிட்டு வரமாட்டேன்" என்றார் செருப்பை மாட்டியபடி. வெளியே போய் நின்று, அக்கா தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் படி இறங்கினார்.

இனி சிட்டுவின் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சலவைப் பிரிவில் போனை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வார்கள்; சாயங்காலம் ஆறு மணி வரை அவளைப் பிடிக்க முடியாது. அக்கா அந்த ஆறு மணியை நினைத்து நினைத்தே செத்தாள். அதிகாரியிடம் சொன்னது பெரிதில்லை, அவர் வேலைக்கு வந்தவர். இவள் நம்பி விட்டுவிட்டுப் போனவள். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போதும் அக்கா தாழ்ப்பாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கை அட்டையைத் துடைத்து, கயிற்றில் அதன் பழைய இடத்தில் மாட்டினாள்.

மற்ற பிள்ளைகள் போன பிறகு சிட்டுவின் அம்மா வந்தாள். கை சோப்பில் ஊறி வெளுத்திருந்தது. "என்னக்கா, ஆபீசர் என்ன சொன்னாங்க?" என்று வாசலிலேயே கேட்டாள். அக்கா உட்காரச் சொன்னாள். உட்காரச் சொன்னதுமே அவள் முகம் செத்துவிட்டது. அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"தனியாவா?" என்றாள் அவள். "அந்த ரோட்டையா?"

"ஆமாம்மா."

"உங்களை நம்பித்தானேக்கா…" அக்கா தாளை எடுத்து நீட்டினாள்.

அவள் உதடு அசைய அசையப் படித்தாள். ஓர் இடத்தில் நின்றாள். மேலே போய் மறுபடி படித்தாள். பிறகு வாய்விட்டே படித்தாள். "'குழந்தை தன் முன் வைக்கப்பட்ட படங்களை வரிசை மாறாமல் பின்பற்றியுள்ளது. சொன்னதைப் புரிந்துகொள்கிறது. ஓடிப்போகும் பழக்கம் இல்லை. தவறு பராமரிப்பாளருடையது.'"

தாளை மடியில் வைத்தாள். "மூணு இடத்துலயும் இவளுக்குச் சொன்னா புரியலன்னுதான் எழுதினாங்க." கண்ணில் தண்ணீர் இறங்கியது, கோபத்துக்கா, வேறெதற்கா, அவளுக்கே தெரிந்திருக்காது. "புரியுதாக்கா இவளுக்கு?"

"எல்லாம் புரியுதும்மா. நான் பண்ணின தப்பைக்கூட ஒரு தப்பில்லாம செஞ்சிருக்கா."

அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தாளை மடித்துப் பையில் வைத்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "வா, போலாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள். சிட்டு ஷூவோடு வாசல்வரை வந்தாள். நின்றாள். திரும்பிக் கயிற்றுக்குப் போனாள். கடிபட்ட அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் நீட்டினாள்.

அவள் அம்மாவுக்கு இந்த அட்டையெல்லாம் பழக்கமில்லை. "என்ன வேணுமாம்?" என்று வேறு வழியில்லாமல் அக்காவைப் பார்த்தாள்.

"கை கேக்குறாம்மா."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். பையைத் தோள் மாற்றிக்கொண்டு கையை நீட்டினாள். சிட்டு பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் படி இறங்கினார்கள். அட்டையும் அம்மாவின் கையோடேயே போய்விட்டது. அக்கா கூப்பிடவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கவாவது ஒருதரம் வருவாள் என்று ஒரு நப்பாசை.

கேட்டருகே அவள் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்: "காலையில ஏழரைக்கு வந்துடுவோம். அதுக்குள்ள மேல இன்னொரு தாழ்ப்பாள் போட்டு வைங்க."

அக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். தள்ளிப் பார்த்தாள். வீட்டில் ஒரு பிள்ளைகூட இல்லை. இருந்தும் இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தாள். பிறகு கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, வரும்போது ஒரு தாழ்ப்பாள் வாங்கிட்டு வாங்க."

"ஒண்ணு போதுமா?" என்றார் அவர், வழக்கமான கிண்டலோடு.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டா வாங்கிட்டு வாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.